ஏழாவது கேள்விக்கு நான் போட்ட டிக்

"ஏழாவது கேள்விக்கு நீ தப்பா டிக் போட்டுட்ட" என்றார் என் வீட்டுக்காரர். சனிக்கிழமை மத்தியானம், டயாலிசிஸ் முடிந்து டாக்சியில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தாள் மாதத்துக்கு ஒரு தடவை வரும். பத்துக் கேள்விகள். கால் இழுத்துப் பிடிக்கிறதா, தலை சுற்றுகிறதா, தூக்கம் வருகிறதா, வீட்டுக்குப் போன பிறகு எத்தனை மணி நேரம் களைப்பாக இருக்கிறது, இப்படி. இவர் கையில் இரண்டு ஊசியோடு கண்ணை மூடிப் படுத்திருப்பார். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். எனக்குக் கேள்வித்தாள் என்று எதைப் பார்த்தாலும் முழு மார்க் வாங்கியாக வேண்டும். கால் பிடிக்கிறதா? இல்லை. தலை சுற்றுகிறதா? இல்லை. களைப்பு? கொஞ்சம். நல்ல நல்ல பதிலாகப் பார்த்து டிக் அடித்து நீட்டினால் பெரிய சிஸ்டர் "பரவாயில்லையே" என்பார். அந்த அம்மா வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஏழாவது கேள்வி, 'வாழ்க்கையில் பிடிப்பு குறைந்ததுபோல் தோன்றுகிறதா?' என்பது. இல்லை என்று போட்டிருந்தேன்.

"ஏன், குறைஞ்சா போச்சு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"குறைஞ்சு போச்சு. செவ்வாய்க்கிழமை நான் வரலை."

"ஏன், வேற நாள் மாத்திக் கேக்கணுமா?"

"மாத்தவெல்லாம் வேணாம். இனிமே வரலை. போதும்."

டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த டயாலிசிஸ் அறையில் படுத்திருக்கிற எட்டுப் பேருக்கும் தெரியும், கூட உட்கார்ந்திருக்கிற எங்களுக்கும் தெரியும். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம்.

அவர் லிப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷம் ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களின் தலையில் ஏறி, கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நின்று வேலை பார்த்த மனிதர். கிட்னி போய் இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை மெஷின். முதல் வருஷம் எலும்பும் தோலுமாகக் கிடந்து, மெல்ல மெல்லத் தேறி, சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார். அப்புறம் இந்த நாலு மாதமாகத்தான் என்னவோ ஆகிவிட்டது.

களைப்பு என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. எல்லோருக்கும்தான் களைப்பு வருகிறது, தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. இது அப்படியில்லை. மெஷினிலிருந்து வந்ததும் போட்ட சட்டையோடு கட்டிலில் விழுவார். மறுநாள் காலையில்தான் முகத்தைப் பார்க்கலாம். பல் தேய்க்கும்போது நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து கொள்வார். ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, அடுத்த காலுக்கு முன்னால் ஓய்வெடுப்பார். ஒரு நாள் பாதி முகம் சவரம் செய்துவிட்டு, "மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டார். அன்றைக்கு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவ்வளவுதான், பிறகு சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீர். திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார்.

அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். உடம்பில் உபரித் தண்ணீர் இல்லாமல் ஒருவர் எவ்வளவு கனம் இருப்பாரோ அதற்கு டிரை வெயிட் என்று பெயர். இவருக்கு ஐம்பத்தாறு கிலோ என்று எழுதி கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்குகிறது. சிறுநீர் பிரியாத உடம்பு, குடிப்பதெல்லாம் உள்ளேயே நிற்கும். போனதும் எடை பார்ப்பார்கள். ஐம்பத்தாறுக்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் தண்ணீர், அதை மெஷின் எடுத்துவிடும். முன்பெல்லாம் இரண்டு லிட்டருக்குள் இருந்தது, இரண்டரை ஆனது, மூன்று ஆனது, இப்போது நாலில் வந்து நிற்கிறது. கடைசி அரை மணியில் பிரஷர் இறங்கும். முகம் வெளுத்துவிடும். பெரிய சிஸ்டர் காலைத் தூக்கி வைத்துவிட்டு, எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி, "அய்யா, வீட்டுல தண்ணிய குறைங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நீ என்னத்தைக் கவனிக்கிறாய் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். நான் தையல்காரி. யூனிபார்ம் தைக்கிற கடையில் பதினைந்து வருஷமாக காலர் வைக்கிறேன், ஒரு நூல் பிசகாது. என் கண்ணில் மண்ணைத் தூவுகிறாரே என்று ஆத்திரம். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். அதைப் பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டு, கடைக்குக் கிளம்பும்போது சமையலறைத் தண்ணீர் கேனின் குழாயில் கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுப் போனேன். திறந்தால் முடிச்சு அவிழும், எனக்குத் தெரிந்துவிடும் என்பது திட்டம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் செய்தேன்.

மூன்று வாரம் முடிச்சு அப்படியே இருந்தது; அப்போதும் வேறு எங்கோ குடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் முடிச்சு இருக்கிறது, ஆனால் என் முடிச்சு இல்லை. நான் இடமிருந்து வலமாகப் போடுவேன். இது யாரோ கயிறு கட்டிப் பழகியவர் போட்டது. யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பது இரண்டே பேர். மேஜையில் பிளாஸ்கில் சூடாக டீ வேறு இருந்தது. ஓஹோ, திருடிக் குடித்துவிட்டு டீயைப் போட்டு என்னைச் சமாளிக்கிறாரா என்று அந்த டீயைக் குடித்துக்கொண்டே அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதையே ஒப்புக்கொண்ட மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் 'செவ்வாய்க்கிழமை வரலை' என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கெஞ்சினேன், மிரட்டினேன், மகளிடம் போனில் சொல்லி அழ வைத்தேன். வேற்றூரில் பிள்ளை குட்டியோடு இருக்கிறவள் பாவம், அப்பாவிடம் அரை மணி பேசினாள். "சரிம்மா, சரிம்மா" என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனை என்னிடம் கொடுத்தார். "அவகிட்ட எதுக்கு சொன்ன?" என்றார். அவ்வளவுதான். கல்லுளிமங்கன். கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டு ஜெயிக்கலாம். முடிவு பண்ணிவிட்ட மனிதரோடு என்ன சண்டை போடுவது? அவர் அருகில் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. இந்த மனிதர் இல்லாமல் நான் யாரைத் திட்டுவேன்?

திங்கட்கிழமை காலையில் அவராக எழுந்து குளித்தார். "அந்த நீலக்கோடு போட்ட சட்டைய எடு. ஒர்க் ஷாப்புக்குப் போய் பசங்கள பாத்துட்டு வரேன்" என்றார். பசங்கள் என்பது அவர் கூட வேலை பார்த்த, இப்போது தலை நரைத்துப்போன நாலு பேர். எதற்குப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லிக்கொண்டு வரப் போகிறார். சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

போன வருஷம் அவர் மெலிந்து கிடந்தபோது நான் இரண்டு பக்கமும் பிடித்துச் சிறிதாக்கிக் கொடுத்த சட்டை அது. அப்புறம் பெட்டியிலேயே கிடந்தது, வீட்டில் எப்போதும் தொளதொள பனியன்தான். போட்டுக்கொண்டு வந்து நின்றார். மார்புப் பித்தான் சேரவில்லை. இழுத்துப் பார்த்தார், வயிற்றை எக்கிப் பார்த்தார், ம்ஹூம்.

பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மனுஷிக்குக் கண் தெரியாது. "பாத்தீங்களா? இன்னும் என்ன சாட்சி வேணும்? தண்ணியா குடிச்சுக் குடிச்சு ஊதிப்போய் நிக்கிறீங்க! அப்புறம் களைப்பா இருக்கு, கால் இழுக்குது, வாழ்க்கையே வேணாம்னு…"

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் குடிக்கலை. நாலு மாசமா அதையேதான் சொல்றேன். மெஷின்கூட நாலு மணி நேரம் கெடந்துடலாம். ஊசி குத்துறத தாங்கிக்கலாம். வீட்டுக்கு வந்தா நீயும் திருடன பாக்குற மாதிரி பாக்குற. சாப்டீங்களா, எவ்வளவு குடிச்சீங்க, கால காட்டுங்க, இத விட்டா வேற ஒரு பேச்சு நீ எங்கிட்ட பேசி எத்தன நாளாச்சு? எதுக்கு நான் இன்னும் போய்ப் போய் வரணும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் புத்தி உடனே இறங்கி வருமா? "சரி, அளந்து பாத்துடுவோம்" என்று டேப்பை எடுத்தேன். அவரை மடக்கத்தான் எடுத்தேன், பொய் சொல்லக் கூடாது. சட்டையைச் சிறிதாக்கியபோது எழுதி வைத்த அளவு நோட்டு என்னிடம் இருக்கிறது. அப்போது காலில் நீர் கோத்துக்கொண்டிருந்த சமயம் என்பதால், நீர் வடிந்த பிறகு தொடையையும் கணுக்காலையும் அளந்து எழுதியிருந்தேன்.

மார்பு அன்றைக்கு முப்பத்துநாலு, இன்றைக்கு முப்பத்தாறு. ஊசி போடாத வலது கையின் மேல்பகுதி ஒன்பதாக இருந்தது பத்தேகால். தொடை ஒன்றரை அங்குலம் கூடியிருந்தது. சரிதான், ஊதித்தான் போயிருக்கிறார் என்று கணுக்காலுக்கு வந்தேன். ஒரு நூல்கூட மாறவில்லை. டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி அளந்தேன். அதே அளவு. முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். நீர் இருந்தால் குழி விழும், அது பெரிய சிஸ்டர் சொல்லிக் கொடுத்த பாடம். குழி விழவில்லை.

தண்ணீர் கோத்தால் முதலில் காலில் அல்லவா தெரியும்? காலை விட்டுவிட்டு மார்பிலும் புஜத்திலும் போய் உட்காருமா? அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த கை. நடுவில் காணாமல் போயிருந்தது, இப்போது சதை பிடித்துக் கெட்டியாக இருந்தது.

எனக்கு உட்காரத் தோன்றியது, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாக தினமும் காலையில் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, மத்தியானம் மீனோ கோழியோ ஒரு துண்டு என்று நான் பார்த்துப் பார்த்துப் போட்டதும், அவர் தட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டதும் எங்கே போகும்? மனிதர் தேறியிருக்கிறார். அட்டையில் மட்டும் போன வருஷத்து எலும்பும் தோலும் ஐம்பத்தாறு கிலோவாகவே தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏறின சதை இரண்டு கிலோவையும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் அவர் உடம்பில் இருக்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து அந்த மெஷின் பிழிந்து எடுத்திருக்கிறது. அப்புறம் தலை சுற்றாமல், கால் இழுக்காமல், கட்டிலில் விழாமல் என்ன செய்யும்?

தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"லிப்ட்ல ஓவர்லோடு செட்டிங்க மாத்தாம விட்டா இப்படித்தான்" என்றார். "ஆறு பேர் போற லிப்ட்டு, நாலு பேர் ஏறினதுமே கத்தும். எறங்கு எறங்குன்னு எல்லாரும் அந்தக் கடைசி ஆள திட்டுவாங்க. அவன் என்ன பண்ணுவான் பாவம்."

"மாசா மாசம் அதுக்குத்தானே அந்தக் கேள்வியே கேக்குறாங்க" என்றேன். "கால் பிடிக்குதா, தலை சுத்துதான்னு. நான்தான் எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு டிக் போட்டேன். சரியா போட்டிருந்தா அவங்களுக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கும்."

"நானும் வாயத் திறந்து சொல்லலையே. நல்லாருக்கேன்னுதான் சொன்னேன்."

அப்போதுதான் அந்த முடிச்சு ஞாபகம் வந்தது. குடிக்கவில்லை என்றால் குழாயை எதற்குத் திறந்தார்? கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். பிளாஸ்க். டீ. தண்ணீர் இல்லாமல் டீ போட முடியுமா? இது ஒரு கேள்வியா? வேலை விட்டு அலுத்து வருவாளே என்று எழுந்து நிற்கவே முடியாத மனிதர் அடுப்படியில் நின்று எனக்கு டீ போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, நூலைப் பார்த்துவிட்டு, நான் மனசு கஷ்டப்படுவேனே என்று மறுபடி கட்டியும் வைத்திருக்கிறார். அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான் நான் அவரைத் திருடன் என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் அழுதுகொண்டே.

"எங்க சொல்ல விட்ட?"

அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். "மன்னிச்சிடுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும். "எழுதிக் குடு, பிரேம் போட்டு மாட்டணும்" என்றார்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமைக்குச் சரி என்று சொல்லவில்லை. ஒர்க் ஷாப்புக்கும் போகவில்லை. "ஒரே ஒரு தடவை வாங்க. நீங்க குடிக்கலைன்னு அந்தப் பெரிய சிஸ்டர் வாயாலயே சொல்ல வெச்சுடறேன். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். "அதப் பாக்கறதுக்காக வேணா வரலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை எடை மெஷினில் அறுபது காட்டியது. பெரிய சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அளவு நோட்டை அவர் முன்னால் விரித்தேன். "சிஸ்டர், இது காலர் அளவு இல்ல. படிச்சுப் பாருங்க." அவர் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் நோட்டைப் பார்த்தார், குனிந்து இவர் காலை அழுத்திப் பார்த்தார், பேசாமல் போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கழுத்து நரம்பைப் பார்த்து, முதுகில் குழாய் வைத்துக் கேட்டு, கையைத் தொட்டுப் பார்த்து, சனிக்கிழமை நான் நிரப்பிக் கொடுத்த தாளையும் எடுத்தார். "இதுல எல்லாம் நல்லாருக்குன்னு போட்டிருக்கே?"

"அது என் மார்க். அவரோடது இல்ல" என்றேன்.

புதுத்தாள் ஒன்று கொடுத்தார்கள். அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டு, இரண்டு தடவைதான் எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் தாளைத் தொடையில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் நின்று நின்று டிக் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரிடம் வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வெளியே வந்தபோது, "உடம்பு தேறினத நாங்களும் கவனிச்சிருக்கணும்" என்றார். "ஆனா டிரை வெயிட்ட ஒரேயடியா ஏத்த முடியாது. இன்னிக்கு ஐம்பத்தேழு. வியாழக்கிழமை பாத்துட்டு இன்னும் அரை கிலோ. மனசு விட்டுப் பேசறதுக்கு எங்ககிட்ட ஒருத்தர் இருக்காங்க, வியாழக்கிழமை அவங்களும் வருவாங்க. இவர் வரணும், அதான் முக்கியம்."

பெரிய சிஸ்டர் மெஷினைக் கழற்றும்போது இவரிடம் குனிந்து, "தப்பா நெனச்சுட்டேன் அய்யா" என்றார். எட்டுக் கட்டிலுக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. அது போதும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் படுத்தார். களைப்பு மாயமாய்ப் போய்விடவில்லை. ஆனால் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தை அவர் உட்கார்ந்து பார்த்து நாலு மாதமாகிறது. நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாப்டீங்களா என்று வந்த கேள்வியை விழுங்கினேன். கால் எப்படி இருக்கு என்பதையும் விழுங்கினேன். அவை இரண்டும் போனால் எனக்குப் பேச ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

கடைசியில் கடையில் நடந்ததைச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஐம்பது சட்டைக்குப் பாக்கெட்டை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, 'எல்லாரும் இடதுகைக்காரப் பசங்க போல' என்று முதலாளியிடமே சொன்ன கதையை. அவர் முதலில் உதட்டளவில் சிரித்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். மூச்சு வாங்கியது, நிறுத்தி, மறுபடி சிரித்தார். "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். சொன்னேன். "நீ என்ன சொன்ன?" அதையும் சொன்னேன். வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டேன் அல்லவா? கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான். விளக்கைப் போட எழுந்தேன். சுவிட்சில் கை வைத்தபோது பின்னாலிருந்து கேட்டார்.

"வியாழக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

அவருக்குத் தெரியாதா? இரண்டு வருஷமாக அதே நேரம்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். திரும்பாமலே நின்றேன், திரும்பினால் அழுதுவிடுவேன்.

"ஆறரைக்கு" என்றேன்.